முடிச்சு அவிழாத காப்பு

காளிதாசன் அண்ணனுக்கு இரண்டு சாமி. ஒன்று மாரியம்மன், இன்னொன்று பந்து. இரண்டில் எது பெரிசு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டு வைத்திருக்கலாம்.

பாடாங் செராயிலிருந்து வரும் சாலையில் கடைசி சாமான் கடையைத் தாண்டி, சின்னப் பாலத்தில் திரும்பினால் எங்கள் தோட்டம். ரப்பர்ப் பால்மரம் போய்ச் செம்பனை வந்து ரொம்ப காலமாகிவிட்டது. தொழிலாளர் லயத்து வரிசையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதியில் நாங்களும் இந்தோனேசியக்காரர்களும் இருக்கிறோம். நடுவில் திடல். திடலின் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் மாரியம்மன் கோயில். சந்நிதியில் நின்று பார்த்தால் எதிர்க் கோல் நேராகத் தெரியும்.

"நம்ம டீமுக்கு ஆத்தாதான் கோல்கீப்பர்" என்பார் காளிதாசன் அண்ணன். பூசாரி அப்பளசாமி ஐயாவுக்கு அந்தப் பேச்சு ஆகாது. காதில் விழாதது போல் விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

நான் காளிதாசன் அண்ணனுக்குப் பக்கத்து வீடு. கூலிம் டவுனில் கையுறை செய்கிற குளோவ் பேக்டரியில் வேலை. நடுவில் இருப்பது பலகைச் சுவர். அவர்கள் வீட்டில் குழம்பு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். ஆகையால் நான் சொல்வதில் பாதி கண்ணால் கண்டது, மீதி காதால் கேட்டது. இட்டுக்கட்டியது எதுவும் இல்லை.

காளிதாசன் அண்ணன் செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீளக் கம்பியில் அரிவாளை மாட்டி, அண்ணாந்து பார்த்து, குலைக்காம்பில் ஓர் இழுப்பு. குலை விழுகிற சத்தம் லயம் வரைக்கும் கேட்கும். பின்னாலேயே அவர் பெண்சாதி லோகேஸ்வரி அக்கா குனிந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, சாக்கில் கட்டி, தலையில் தூக்கி வந்து லோரிப் பாதையில் போடும். அந்த வீட்டில் அண்ணாந்து பார்ப்பது அவர், சுமப்பது அக்கா. இதை நான் ஒருமுறை சொல்லப்போய், அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

திருவிழாவுக்குக் கரகம் எடுப்பது அவர்கள் வீட்டு உரிமை. அவர் அப்பா எடுத்தார், பிறகு அவர். வலது கையில் காப்புக் கட்டினால் கரகம் எடுத்து முடிக்கும்வரை ஒருவேளைச் சாப்பாடு, பாய் இல்லாத படுக்கை. எல்லாவற்றையும்விட முக்கியம், தோட்டத்து முகப்பில் உள்ள சின்னப் பாலத்தைத் தாண்டக் கூடாது. அம்மனுக்கு வாக்குக் கொடுத்தவன் அம்மன் எல்லைக்குள் இருக்க வேண்டும். கரகம் எடுப்பவர் பெண்சாதிக்கும் இடது கையில் ஒரு மஞ்சள் காப்புக் கட்டிவிடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். அவருக்குச் சமைத்துப் போடுகிறவள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் காப்பை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அக்காவும் நினைத்ததில்லை.

இந்த வருசம் வந்த வினை வேறு. அவர்கள் ஒரே மகள் உமையாள் பந்து விளையாடுகிறாள். நடக்கப் பழகியபோதே அப்பா காலில் உதைக்கக் கொடுத்த பந்து. இப்போது சுங்கைப் பட்டாணி பெண்கள் குழுவில் முன்வரிசை, முதுகில் ஒன்பதாம் எண். குழு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. மாநிலக் குழுவுக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு. சுங்கைப் பட்டாணியில் நடக்கும் அந்த ஆட்டம் கரகத்தன்றே வந்து விழுந்தது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் நடந்தது அப்படியே என் காதில் இருக்கிறது.

"ம்மா, நான் போகவா, வேணாமா?"

"உன் கையில காப்பு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்னா? போய் ஆடு. போறதுக்கு முன்னால கோயில்ல கும்புட்டுட்டுப் போ. நல்லா ஆடு."

"அப்பா?"

அண்ணன் பக்கமிருந்து தட்டில் விரல் உரசுகிற சத்தம் மட்டும்.

"அப்பாக்கு வர முடியாது லா, உமா. தெரியும்தான உனக்கு" என்றது அக்கா.

"தெரியும் லா. சும்மாதான் கேட்டுப் பார்த்தேன்."

மறுநாள் காலையில் அண்ணன் பூசாரி ஐயாவைப் பிடித்துக்கொண்டார். நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஐயா, கரகத்த ஒரு நாள் தள்ளி வச்சுக்கக் கூடாதா?"

"ஏன்?"

"பிள்ளைக்கு பைனல்."

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காளிதாசு, பந்து ஆபிஸ்ல போய், ஆத்தாவுக்குக் கரகம், பைனல ஒரு நாள் தள்ளி வைங்கன்னு கேட்டியா?"

"அவங்க எப்படி ஐயா கேப்பாங்க?"

"அவங்க கேக்க மாட்டாங்க. ஆத்தாதான் கேக்கணும். அப்படித்தான?"

அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அதோடு விட்டுவிட்டார் என்று நாங்கள் நினைத்தோம். காப்பும் கட்டிக்கொண்டார். கோயிலை ஒட்டிய தகர அறையில் கரகச் செம்போடு தங்கினார். விரதக்காரர் அறைக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், அக்காகூட. சோற்றை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடும்.

கரகத்தன்றைக்கு வெயில் அப்படி ஒரு வெயில். செம்பனை மட்டைகூட அசையவில்லை. கோயில் பந்தலில் நாங்கள் பெண்கள் உட்கார்ந்து வேப்பிலை உருவினோம், பூத் தொடுத்தோம். பெரிய சட்டியில் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மோர், நறுக்கிய வெங்காயம். லோகேஸ் அக்கா மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆற்றங்கரையில் கரகம் சோடித்துத் தூக்க வேண்டும்.

உமையாள் ஆட்டத்தை முகநூலில் நேரலையாகக் காட்டினார்கள். என் போனைத் தேங்காய் மேல் சாய்த்து வைத்தேன். ஒரு கண் பூவில், ஒரு கண் போனில். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. நம் வீட்டுப் பிள்ளை ஆடுகிறாள், பார்க்கிறோம். பூசாரி ஐயாவே இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்து, "எத்தன?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உமையாள் ஓடினாள் பாருங்கள். இடது பக்கம் ஒருத்தியைத் தாண்டி, நடுவில் ஒருத்தியைத் தாண்டி, வலது காலால் ஓங்கி ஒரு உதை. கோல்! பந்தலே எழுந்து கத்தியது. அக்கா உலக்கையைப் போட்டுவிட்டு மஞ்சள் கையோடு வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்தது. கண்ணில் தண்ணீர்.

"என் கண்ணு" என்றது. "ஆத்தா, என் பிள்ள."

படம் எடுக்கிறவன் காமிராவைத் திருப்பி, கைதட்டுகிற கூட்டத்தைக் காட்டினான். கொடி, குழந்தைகள், பாடாங் செராயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற அபூபக்கர் பாய். குழுவுக்கு ஜெர்சி வாங்கிக் கொடுத்தது அவர்தான். அவருக்குப் பின்வரிசையில், நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கி, வாய் கிழியக் கத்திக்கொண்டு, காளிதாசன் அண்ணன்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் மாதிரி யாரோ என்று நினைத்தேன். காமிரா அங்கேயே நின்றது. தூக்கிய வலது மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

வேப்பிலை உருவிக்கொண்டிருந்த காளியம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி "அலாமாக், ஐயய்யோ" என்று மெதுவாகச் சொன்னாள். போனை அணைக்க நினைத்தேன், விரல் போகவில்லை.

லோகேஸ் அக்கா எழுந்தது. தகர அறைக்கு நடந்தது. நாங்கள் பின்னாலேயே போனோம். அக்கா கதவைத் தட்டவில்லை, தள்ளியது. உள்ளே யாரும் இல்லை. தரையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். மூலையில் கரகச் செம்பு. செம்பின் கழுத்தில் காப்பு மாட்டியிருந்தது. முடிச்சு அவிழ்க்கவில்லை. எண்ணெய் பூசி, கையை ஒடுக்கி, வளையலைக் கழற்றுவது மாதிரி உருவி மாட்டியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்ததா, பயம் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாளும் விரதம் இருந்த மனுசன்! குடித்துவிட்டுப் போயிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருப்போம். இவர் யோசித்து, திட்டம் போட்டு, ஆத்தாளையே காவலுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பூசாரி ஐயா வந்து பார்த்தார். செம்பைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்படி ஒண்ண நான் கேள்விப்பட்டதுகூட இல்லம்மா."

போன் போட்டோம். எடுக்கவில்லை. அந்தக் கூச்சலில் எப்படிக் கேட்கும்? ஒருத்தர், ஆள் வரும்வரை காத்திருக்கலாம் என்றார். இன்னொருத்தர், வந்தால் மட்டும் எப்படித் தூக்குவார், கழற்றின காப்பு கழற்றினதுதான் என்றார். நிறுத்திவிடலாம் என்று ஒரு குரல். நிறுத்தினால் யார் பதில் சொல்வது என்று இன்னொரு குரல்.

இதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. போன் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. வர்ணனைக்காரன் மலாயில் கேட்டான்: "மானா நொம்பொர் செம்பிலான்?" ஒன்பதாம் எண் எங்கே என்கிறான். திடலில் உமையாள் இல்லை. வேறொரு பிள்ளை அவள் இடத்தில் நின்றாள். அடிபட்டுவிட்டதோ என்று எனக்குத் திக்கென்றது. அக்காவிடம் சொல்லவில்லை. ஒரு அதிர்ச்சியோடு நிற்கிறவளிடம் இன்னொன்றை எப்படிக் கொடுப்பது?

மேற்கே மேகம் கூடி வந்தது. ஆற்றங்கரைக்குக் கிளம்பியாக வேண்டும். அக்கா மஞ்சள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பூசாரி ஐயா முன்னால் போய் நின்றது.

"ஐயா, கரகம் யாருக்குச் சொந்தம்? அவருக்கா, எங்க வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"எங்க வீட்டுல காப்பு இன்னும் இருக்கு." இடது கையை நீட்டியது.

ஐயா அந்தக் கையையே பார்த்தார். "பொம்பள எடுத்தது இல்லையேம்மா இங்க."

"நானும் ஒருவேளதான் சாப்புட்டேன். நானும் வெறுந்தரையிலதான் படுத்தேன். பாலத்தத் தாண்டல. என் பிள்ள பைனல் எனக்கு மட்டும் ஆசையா இல்லையா, ஐயா? நானும்தான பெத்தேன்." நீட்டிய கையை அக்கா இறக்கவில்லை. "ஆத்தா எனக்குப் பிள்ளயக் குடுத்தவ. அவள உக்கார வச்சுட்டு நான் எங்க போறது?"

முணுமுணுப்பு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐயா எழுந்து சந்நிதிக்குள் போனார். திரையை இழுத்துவிட்டார். உள்ளே என்ன பேசினாரோ, என்ன கேட்டாரோ, எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அக்கா தலையில் ஊற்றினார்.

ஆற்றங்கரையில் கரகம் சோடித்தார்கள். வேப்பிலை, அரளி, மேலே எலுமிச்சம்பழம். உடுக்கை அடிக்க அடிக்க அக்கா உடம்பு சிலிர்த்தது. கரகத்தைத் தூக்கி வைத்தபோது கழுத்து ஒரு நூல்கூட ஆடவில்லை. கரகம் எடுத்தவர் இறக்கும்வரை வாய் பேசக் கூடாது. அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்தது. முதல் தூறல் விழுந்தது.

தோட்டத்து முகப்புக்கு வந்தபோது பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டர் சைக்கிள் வந்து நின்றது. முன்னால் காளிதாசன் அண்ணன். பின்னால் உமையாள், ஜெர்சியோடு, முழங்கால் வரை சேற்றுக் காலுறையோடு. அவள் இறங்கி, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிப் பாலத்துக் கட்டையில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓடிவந்தாள். அம்மா தலையில் கரகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாலா அத்தே, அம்மாவா?"

"அம்மாதான். உனக்கு என்னா ஆச்சு? அடிபட்டுருச்சா?"

"இல்ல அத்தே." நடந்துகொண்டே மூச்சு வாங்கச் சொன்னாள். "கோல் போட்டுட்டு அம்மா ஞாபகத்துல மேல பார்த்தேன். அங்க அப்பா நிக்கிறாரு. எனக்குக் கால் ஓடல. பிரேக்ல போய்க் கேட்டேன், காப்பு எங்கப்பான்னு. முடிச்ச அவுக்கல, ஆத்தாகிட்டயே குடுத்து வச்சிருக்கேன், கையில இல்லன்னா எல்லை கிடையாது, போய் மறுபடி மாட்டிக்குவேன்ங்கிறாரு. சிரிக்கிறாரு அத்தே!"

"அடப்பாவி மனுசா."

"அபூபக்கர் பாய் அஸர் தொழ எந்திரிச்சாரு. தொழுற சூராவ் பக்கத்துலதான், ரெண்டாவது பாதி தொடங்கினாலும் பரவால்ல, வந்து பாக்குறேன்னாரு. அப்பதான் பாய் அப்பா கையப் பார்த்தாரு. காளி, இன்னிக்கு உனக்குக் கரகம்தான, இங்க என்னா வேலன்னு கேட்டாரு. அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ஆனா எந்திரிக்கல. நீ ஆடும்மா, நான் இப்பக் கிளம்புறேன், இதோ கிளம்புறேன்னாரு."

"அப்புறம்?"

"நீங்க கிளம்ப மாட்டீங்கப்பா, நான் திடல்ல இருக்கிற வரைக்கும் நீங்க நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டீங்கன்னு சொன்னேன்." அவளுக்கு அழுகை முட்டியது. "கோச்சுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன். வேற என்னா பண்றது அத்தே? அவர எந்திரிக்க வைக்க எனக்கு வேற வழி தெரியல."

மாநிலக் குழுவுக்கு ஆள் பொறுக்கியவர்கள் அவள் முதுகைத்தான் பார்த்திருப்பார்கள். சின்னதிலிருந்து அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். எனக்குத் தெரியும்.

அதற்குள் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. அக்கா முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினார்.

"எறக்கு லோகேஸ். நான் தூக்குறேன். நேரம் இருக்கு. குடு."

அக்கா நடையை நிறுத்தவில்லை. பூசாரி ஐயாதான் குறுக்கே வந்தார்.

"கையக் காட்டு."

அண்ணன் கையைப் பார்த்துக்கொண்டார். எண்ணெய்ப் பளபளப்பு இன்னும் இருந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கறை மட்டும் ஒரு வளையமாகத் தெரிந்தது.

"முடிச்ச அவுக்கல, ஐயா" என்றார். அவருக்கே அது கேட்கவில்லை போல. இன்னொரு தடவை சொன்னார். "அவுக்கல."

"நூல் முடிச்ச நீ அவுக்கல, காளிதாசு" என்றார் ஐயா.

அந்த மனுசன் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. குலை தலைமேல் விழப் பார்த்த அன்றுகூட அந்த முகம் அப்படிப் போகவில்லை. உதடு வெளுத்து, கண் எங்கேயோ நின்றது. தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெண்சாதி அவரைத் தாண்டிப் போனாள். மகள் தாண்டிப் போனாள். உடுக்கையும் கூட்டமும் போயின. சேற்றுப் பாதையில் அவர் மட்டும் நின்றார்.

அடுத்த வாசலில் கரகம் நின்றது. ஒவ்வொரு வாசலிலும் கரகக்காரர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். குடம் என் இடுப்பில் இருந்தது. நான் குனியப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை குடத்தைப் பிடித்தது.

"குடு மாலா."

வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தானே எடுத்துக் குடிக்காத மனுசன், சேற்றில் மண்டியிட்டு அக்கா காலுக்குத் தண்ணீர் ஊற்றினார். விரலிடுக்கில் இருந்த மண்ணைக் கையால் தேய்த்து எடுத்தார். அக்கா குனிந்து பார்க்க முடியாது, தலையில் கரகம். நேரே பார்த்தபடி நின்றது. கன்னத்தில் வழிந்தது மழையா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாசலில் குனிந்திருந்தபோது அண்ணன் சட்டைப் பையில் போன் அடித்தது. கோல் போட்டதும் ரசிகர்கள் கத்துவார்களே, அந்தச் சத்தத்தைத்தான் அவர் மணியாக வைத்திருந்தார். அந்த உடுக்கைக்கு நடுவிலும் அது எல்லோருக்கும் கேட்டது. பைக்கு வெளியே நீட்டிய திரையில் அபூபக்கர் பாய் பெயர். ஆட்டம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது. உமையாள் அப்பாவையே பார்த்தாள். நானும் பார்த்தேன். எந்த ஊரில் எவன் ஆடினாலும் கோல் கணக்கு தெரியாமல் சோறு இறங்காத ஆள் அவர்.

அவர் ஈரக் கையால் போனை எடுத்தார். பார்க்கவில்லை. தலையைத் தூக்காமலே என்னிடம் நீட்டினார்.

"புடி மாலா. என்னா சொன்னாலும் எங்கிட்டச் சொல்லாத."

குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடந்தார்.

நான் ஒதுங்கிப் போய்ப் பேசினேன். பாய் எல்லாம் சொன்னார், யார் போட்டது, எத்தனைக்கு எத்தனை. கடைசியில், "கரகம் நல்லபடியா எடுத்தாச்சா?" என்று கேட்டார். "எடுத்தாச்சு பாய்" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று வைத்துவிட்டார்.

திருவிழா முடிந்து, அக்கா கைக் காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டார்கள். செம்பில் மாட்டியிருந்த காப்பைத் தொட யாருக்கும் துணிவில்லை, இன்னும் அதிலேயே இருக்கிறது. அண்ணன் தினமும் விடியலில் வெட்டுக்குப் போகுமுன் கோயில் வாசலைக் கூட்டுகிறார். அடுத்த வருசம் தனக்குக் கட்டிவிடுவார்களா என்று ஒருநாள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டார்.

"எங்கிட்டக் கேக்காதீங்க" என்றது அக்கா. "அங்க போய்க் கேளுங்க."

உமையாள் சாயங்காலம் திடலில் ஓடுகிறாள். ஓடத் தொடங்குமுன் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறாள். அப்பா அந்த நேரம் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பார். பந்து உதைபடுகிற சத்தம் கேட்டால் அவர் கை ஒரு கணம் நிற்கும், பிறகு ஊற்றும்.

அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், அவர் காதுபட யாரும் பேசுவதில்லை. எனக்கு நாக்கு அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மனுசன் கேட்காததை நான் வேறு யாரிடமும் சொல்வதாக இல்லை.